பவளக்காலி கத்தவில்லை

வண்டியை எதற்காக டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்தான் என்பதுதான் ஜெபசீலிக்கு முதலில் உறுத்தியது. போன தடவை உப்பளத்து வரப்பு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தவன்தான். சக்கரம் சேற்றில் புதைந்து, இவள் பின்னால் நின்று தள்ளி, முகமெல்லாம் செவசெவ என்று சேறு தெறித்து, அதைப் பார்த்து அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படியெல்லாம் வந்தவன்தான். இன்றைக்கு என்னவென்றால் இருட்டு பிரியும்போதே டீக்கடை ஓரத்தில் நிறுத்தி, பூட்டி, நடப்போம் பிள்ள என்கிறான். ஏன் என்று கேட்டதற்குப் பெட்ரோல் இல்லை என்றான். பொய். நேற்று சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு எதிரில் இருக்கும் பெட்ரோல் பங்கில் அவன் வண்டியோடு வரிசையில் நின்றதை இவளே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். அப்புறம் எதற்குப் பொய்? பெரிய பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ காரணம் என்று விடலாம். சின்னப் பொய் அப்படி இல்லை. அது வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி, உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். டேங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். இப்போது வரப்பின் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டு, தாடை சேற்றில் பட, முழங்கையில் உப்புப் பொருக்கு கீற, கேமராவின் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவள் இன்னொரு கண்ணால் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிதியோன் அவளுக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவளைப் போலவே குப்புறக் கிடந்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டுடியோவில்தான் வேலை. கல்யாண வீடுகளில் அவன் வீடியோ, இவள் போட்டோ. மணப்பெண் முகத்தை ஆல்பத்துக்காக வெள்ளையாக்குவதும் இவள்தான், அது ஒரு தனிக் கேவலம், அதை நினைக்கவே பிடிக்காது, கறுப்பாக அழகாக இருக்கிற பெண்ணைக் கொண்டுவந்து சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார்கள். சேவியர் அண்ணாச்சி, அதாவது முதலாளி, கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெரிய லென்சைக் கொடுப்பார். கொடுக்கும்போது பிள்ளையை முதல்முதலாக விடுதிக்கு அனுப்புகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உப்புத்தண்ணி பட்டா செத்துரும்மா என்பார். அந்த லென்ஸ் இப்போது மணல் நிரப்பிக் கட்டிய பழைய ஜீன்ஸ் காலின் மேல் சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் சேறு. சேறு முடிகிற இடத்தில் தண்ணீர். இரண்டும் சேருகிற இடத்தில் பறவைகள். கொசு உள்ளான்கள்தான் கூட்டம், உள்ளங்கையில் அடங்குகிற சைஸ், தையல் மிஷின் ஊசி மாதிரி நிறுத்தாமல் கொத்திக்கொண்டே ஓடுகின்றன. உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், யோசிக்கும், கொத்தும். கல்திருப்பி தன் பெயருக்கு ஏற்றபடி சிப்பியையும் கல்லையும் மூக்கால் புரட்டிப் போட்டுப் பார்க்கிறது, சந்தேகப் பிராணி, அடியில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு எண்ணம். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் குச்சிக் காலில் முழங்கால் தண்ணீருக்குள் நிற்கிறது. பட்டைவால் மூக்கன் நீள மூக்கைக் கண் வரைக்கும் சேற்றுக்குள் இறக்கிவிட்டுத் தேடுகிறது. வளைந்த மூக்குக் கோட்டான், ராத்திரி அலறுகிற கோட்டான் இல்லை, இது வேறு, கரையோரக் கோட்டான், நண்டு வளைக்குள் மூக்கைச் சாவி மாதிரித் திருப்புகிறது. ஏழாவது பவளக்காலி. ஆரஞ்சுச் சிவப்புக் கால். அது அதிகம் தின்னாது. ரெண்டு கொத்துக் கொத்தும், தலையைத் தூக்கும். இந்த ஏழும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒரே படத்தில் மட்டும் போதாது, ஏழும் தெளிவாக வர வேண்டும், அதற்கு ஏழும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அதற்குத் தண்ணீர் ஏறி அவற்றையெல்லாம் ஒரு வரிசைக்குத் தள்ள வேண்டும். அதுவரைக்கும் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். எந்திரிச்சிராத பிள்ள, தண்ணி ஏறட்டும் என்று அவன் வந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். இவளுக்குத் தெரியாதா? தெரிந்ததையே ஒருத்தன் திரும்பத் திரும்பச் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது.

இருக்கிறது. எல்லாம் ஆற்று முகத்துவாரத்தில் ஆரம்பித்தது. மழைக்காலம் முடிந்ததும் அங்கே கறுப்புச் சேற்றுத் திட்டு ஒன்றை இவள்தான் கண்டுபிடித்தாள், ஒருத்தருக்கும் சொல்லவில்லை, படத்தை எங்கேயும் போடவில்லை, கிதியோனுக்கு மட்டும் காட்டினாள். இருவரும் அவன் வண்டியில் போனார்கள், நல்ல படம், நல்ல காலை, வரும் வழியில் பருத்திப்பால் குடித்தார்கள். அடுத்த ஞாயிறு போனால் திட்டு காலி. ஒரு பறவை இல்லை. இரண்டு குச்சி நட்ட குழி, அறுந்து சுருண்ட தங்கூஸ் நைலான் நரம்பு, ஈரத்தில் ஒட்டிய இறகுகள். இறகுகளுக்கு நடுவில் ஒரு கால். ஆரஞ்சுச் சிவப்பு, முட்டிக்கு மேல் முறிந்தது, உடம்பில்லாத கால் மட்டும், பிளாஸ்டிக் பொம்மையினுடையது போலக் கிடந்தது. வலை போட்டுப் பிடித்து ஒயின்ஷாப் பாருக்குக் கொடுப்பார்கள், அங்கே காடை வறுவல் என்று தட்டில் வரும், இது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் பேசாத விஷயம். ஜெபசீலி அந்தக் காலைப் படம் எடுக்கக் குனிந்தபோது கிதியோன் செருப்புக் காலால் சேற்றைத் தள்ளி அதை மூடிவிட்டான். விடு பிள்ள, அதையெல்லாம் எடுக்காத என்றான். முகம் வெளிறி இருந்தது. அப்போது அதை இரக்கம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது, இரக்கப்படுகிறவன் ஏன் மூட வேண்டும்? மூடுகிறவன் எதையோ மூடுகிறான். இவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த இடம். இவள் சொல்லவில்லை. அப்படியானால்? கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் பயமாக இருந்தது. அதனால்தான் உப்பளத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த இரண்டாவது இடத்தை, இந்தச் செஞ்சேற்றை, வேண்டுமென்றே அவனுக்கு மட்டும் காட்டினாள். போன வாரம் கூட்டிக்கொண்டு வந்தாள், சேற்றில் வண்டி தள்ளியது அன்றைக்குத்தான். இங்கேயும் வலை வந்தால் அவன்தான். வராவிட்டால் அவன் இல்லை. அவ்வளவுதான் சோதனை. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்று இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தாள். சோதனைக்கு வைத்த பொறியில் இரையாக இருப்பது இந்தப் பறவைகள்தான் என்பது இன்று காலை இவற்றைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. ஏறி என்ன பிரயோசனம்.

கால் மரத்துப் போனது. இடது தொடைக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது, நகர்ந்தால் கூட்டம் கலையும். மூத்திரம் முட்டுகிறது. சேறு அழுகின முட்டை மாதிரி நாறுகிறது, முதல் நாள் குமட்டிய நாற்றம், இப்போது பழகி, துணிமணியில் அது இல்லாவிட்டால்தான் என்னவோ போல இருக்கிறது. அம்மா சொல்வாள், பன்னிகூட ஞாயித்துக்கிழம குளிக்கும்டி. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க், பதினொன்றில் பாதியில் நின்றுவிட்டாள், ஏன் நின்றாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் படிப்பு ஏறல என்பதுதான் பதில். அது இல்லை காரணம். கணக்கு டீச்சரின் போன் காணாமல் போன அன்று, கடைசியாக ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டு கொண்டுபோனவள் இவள். பேக்கைக் கொண்டா என்றார்கள். கொடுத்தாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். புத்தகம் விழுந்தது, சாப்பாட்டு டப்பா விழுந்து மூடி திறந்து ரசச்சோறு சிதறியது, நாப்கின் பாக்கெட் விழுந்தது, பின் பெஞ்சில் ஒருத்தன் இருமினான், எங்கேயோ பொறுக்கிய இறகு ஒன்று எல்லாவற்றுக்கும் கடைசியாக ஆடி ஆடி இறங்கியது. போன் விழவில்லை. போன் டீச்சரின் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது, மத்தியானம் கிடைத்தது. சரி சரி, கிளாசுக்குப் போ என்றார்கள். அந்த சரி சரி இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது சொல்லியிருந்தால் போயிருப்பாள். சொல்லவில்லை. ரசச்சோற்றைத் தானே துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான். ஆனால் இன்றைக்குக் காலையில், டீக்கடையில், அவன் கிளாசைக் கழுவப் போன நேரத்தில், இவள் கை அவன் பைக்குள் போனது. யாரும் போகச் சொல்லவில்லை. தானாகப் போனது. துண்டு. பிஸ்கட் பாக்கெட். தண்ணீர் பாட்டில். அடியில், துண்டுக்குள் சுற்றி, ஒரு சின்னக் கத்தரிக்கோல், நகம் வெட்டுகிற சைஸைவிடக் கொஞ்சம் பெரியது. பறவை பார்க்க வருகிறவனுக்குக் கத்தரிக்கோல் எதற்கு? உடனே அதே மாதிரி சுற்றி அதே இடத்தில் வைத்தாள். அவள் தலைகீழாக உலுக்கவில்லை, அந்த டீச்சரைப் போல இல்லை, மெதுவாக, மரியாதையாகத்தான் பார்த்தாள். மரியாதையாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். ச்சே.

கடற்காகம் ஒன்று கோட்டானுக்குப் பக்கத்தில் வந்து சும்மா நின்றது. சேற்றைக் கொத்துவதில்லை, தண்ணீரைப் பார்ப்பதில்லை, ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நிற்கிறது. இதுவரைக்கும் பந்தி அழகாக நடந்துகொண்டிருந்தது. குட்டை மூக்கு மேலாகத் தின்கிறது, நடு மூக்கு கொஞ்சம் கீழே, நீள மூக்கு அடியாழத்தில், ஒரே சேறு, ஒருத்தர் இலையில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை. இப்படி ஒரு கல்யாண வீட்டை அவள் இதுவரைக்கும் படம் பிடித்ததில்லை. கோட்டான் நண்டை வெளியே இழுத்தது, ஒரு காலைப் பிய்த்தது, அதற்குள் கடற்காகம் பாய்ந்து நண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கோட்டான் துரத்தவில்லை. மறுபடி வளையைத் தேடியது. அதுதான் ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் நிற்பவன் எதற்கு நிற்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் இல்லையா? பக்கத்தில் நிற்பவன். கிதியோன் இப்போதும் பறவைகளைப் பார்க்கவில்லை. அவன் கண் பறவைகளுக்கு அந்தப் பக்கம், வடக்கே, இடிந்த வரப்பில் முள் அடர்ந்த உடைமரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் இருந்தது. வந்து படுத்ததிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. என்னல பாக்க என்று மூச்சுக்காற்றில் கேட்டாள். ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரம் பார்க்கிறான்? கொஞ்சம் முன்னால் அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தான், திரையில் தாவீது மாமா என்று இருந்ததை இவளும் பார்த்தாள், அவன் அம்மாவின் தம்பி, இவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், வெற்றிலை வாய், எதற்கும் சிரிக்கிற மனுஷன். கிதியோன் எடுக்கவில்லை. அணைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, நெஞ்சுக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டான். மாமா கூப்பிட்டால் எடுக்க வேண்டியதுதானே? இவள் பக்கத்தில் இருப்பதால் எடுக்கவில்லை. இவள் கேட்கக் கூடாத பேச்சு. வண்டி டீக்கடையில். வண்டியைப் பார்த்தால் இங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அல்லது தெரிய வேண்டியவனுக்கு மட்டும் தெரியும். கத்தரிக்கோல் பையில். கண் வடக்கே. எந்திரிச்சிராத. எந்திரிச்சிராத. படுக்கவைத்துப் பிடித்து வைத்திருக்கிறான், யாரோ வருகிற வரைக்கும்.

யாரோ வந்தார்கள். மேற்கே, பெரிய வரப்பின் மேல், முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு ஆள். ஜெபசீலி லென்சை மெதுவாகத் திருப்பினாள், பறவைகளை விட்டுவிட்டு, காத்திருந்த வரிசையை விட்டுவிட்டு. தலையில் முண்டாசு, முழங்காலுக்கு மேல் மடித்த கைலி, தோளில் ஒரு சாக்கு. சாக்கு தொங்கவில்லை, உருண்டு கனத்து நிற்கிறது. உள்ளே என்ன? வலையா? பிடித்து அடைப்பதற்கு வெறும் சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறானா? லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஆள் பக்கத்திலேயே வந்துவிட்டது போல, மூஞ்சியில் இருக்கிற மரு வரைக்கும் தெரிகிறது, ஆனால் நினைப்பு தெரிவதில்லை, எவ்வளவு பெரிய லென்சாக இருந்தாலும். ஆள் வாறான் என்றாள். கிதியோன் தலையைத் திருப்பிப் பார்த்தான், வரட்டும் என்றான், அசையாத என்றான். வரட்டுமாம். அவன் குரலில் ஆச்சரியமே இல்லை, எதிர்பார்த்தவன் மாதிரி. அந்த ஆள் கூட்டத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தான். பவளக்காலி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. இந்தக் கூட்டத்துக்கே காவல் அதுதான். சந்தேகம் வந்தால் தியூ, தியூ என்று அது முதலில் கத்தும், அது கத்தினால் ஏழு இனமும் ஒன்றாகக் கிளம்பிவிடும், ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்காது. ஜெபசீலி அது கத்துவதற்காகக் காத்திருந்தாள். கத்து சனியனே, கத்து. பவளக்காலி அந்த ஆளைப் பார்த்தது, ரெண்டு எட்டு வைத்தது, குனிந்து ஒரு புழுவை இழுத்தது. அதற்கும் பழக்கம் ஆகிவிட்டானா அவன்? தினமும் வந்து நம்பவைத்து வைத்திருக்கிறானா? அப்படியும் செய்வார்கள், வலைக்காரர்கள் அப்படியும் செய்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் சொன்னது, கிதியோன்தான் சொன்னான், இவனுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர் ஏறியது. ஏறுவதைப் பார்க்க முடியாது, ஏறிவிட்டதைத்தான் பார்க்க முடியும். முழங்கை நனைந்ததும் குனிந்து பார்த்தாள், லென்சுக்கு ஒரு முழம் முன்னால் வந்திருந்தது. கேமராவை மறுபடி கூட்டத்தின் பக்கம் திருப்பியபோது அது நடந்துகொண்டிருந்தது. சேறு சுருங்கிச் சுருங்கி ஒரு நாடா போல ஆகி, அதன் மேல் ஒவ்வொன்றாக ஒதுங்கி, கொசு உள்ளான்களுக்குப் பின்னால் மூக்கன், மூக்கனை ஒட்டி நெடுங்கால் உள்ளான், கல்திருப்பி ஒரு சிப்பியோடு, உப்புக்கொத்தி நின்று யோசித்தபடி, பவளக்காலி. ஆறு. ஆறும் ஒரே கோட்டில். கோட்டான் மட்டும் இரண்டு எட்டு வெளியே. வா. வா தாயே. இவ்வளவு மாதமாக நாறிக்கொண்டு கிடந்தது இதற்குத்தான். விரல் பொத்தானின் மேல் இருந்தது, சூரியன் அவற்றின் வயிற்றை எல்லாம் ஒரே மஞ்சளாக்கியது, அப்போதும் அவள் நினைப்பு இங்கே இல்லை. அந்த ஆள் எங்கே வந்திருப்பான் என்பதில் இருந்தது. கண்ணை எடுத்துப் பார்த்தாள். அவன் பெரிய வரப்பிலிருந்து இறங்கியிருந்தான். சாக்கைத் தோளிலிருந்து கீழே போட்டான். குனிந்தான். கிதியோன் கை நீண்டு வந்து அவள் முதுகை அழுத்தியது, எந்திரிச்சிராத, இன்னும் கொஞ்சம், கடல் பக்கம் அதுகளே போயிரும். அந்தக் கையின் பாரம்தான். பள்ளிக்கூடத்தில் பேக்கை வாங்கிய கை, இருமிய வாய், சரி சரி, எல்லாம் அந்த ஒரு கையில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. பிடித்து அமுக்குகிறான். தட்டிவிட்டு எழுந்தாள். மரத்துப்போன கால் மடங்கியது, விழப்போய் நின்றாள், இரண்டு கையையும் தூக்கி, போ, போ, ஓடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பறவைகளைப் பார்த்துத் தண்ணீருக்குள் ஓடினாள். அவன் பிடிப்பதற்குள் துரத்திவிட வேண்டும், அவ்வளவுதான் புத்தியில் இருந்தது. பவளக்காலி கத்தியது. இப்போது கத்தியது. கூட்டம் முழுக்க ஒரே வீச்சில் எழும்பியது, வெள்ளைச் சிறகெல்லாம் ஒரே சமயம் திரும்பிப் பளிச்சென்று மின்னி, கடல் கிழக்கே இருக்க, அவள் தெற்கிலிருந்து ஓடி வர, தாழ்வாக, தண்ணீரை உரசிக்கொண்டு, நேராக வடக்கே போயிற்று. இடிந்த வரப்புக்கு. உடைமரங்களுக்கு. அங்கே காற்று திடீரென்று கெட்டியானது. பாதிக்கு மேல் மரத்துக்கு மேலே ஏறித் தப்பிவிட்டது. மிச்சம் ஆகாயத்திலேயே நின்றுவிட்டது, தொங்கியபடி, சிறகை அடித்தபடி, ஒன்றுமே இல்லாத இடத்தில்.

கிதியோன் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். கையில் கத்தரிக்கோல். அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் முதல் பறவையை எடுத்துவிட்டிருந்தான். இரண்டு உடைமரங்களுக்கு நடுவில் குச்சி நட்டுக் கட்டிய தங்கூஸ் வலை, கிட்டே போனாலும் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அதில் பத்துப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் தன்னைத் தானே இறுக்கிக்கொண்டு. இவள் ஒரு கொசு உள்ளானைப் பிடித்து இழுத்தாள், நரம்பு இன்னும் இறுகியது. அவன் இழுக்கவில்லை. காலை முதலில் விடுவித்து, எந்தப் பக்கம் நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே உடம்பைப் பின்னால் தள்ளி, சிறகைச் சுண்டுவிரலால் தூக்கி, கடைசியாகக் கழுத்து, வராத இடத்தில் மட்டும் ஒரு வெட்டு. அவன் விரலுக்கு வலை தெரிந்திருந்தது. இவளுக்கு மணப்பெண் முகம் தெரிந்திருப்பது போல.

"நீ வலை போட்டுப் பிடிச்சிருக்கே" என்றாள்.

"சின்னதுல. மாமாகூட." அவன் அவளைப் பார்க்கவில்லை. "வலையும் அவருதுதான். அந்தா குச்சில சேப்பு நூல் கெட்டிருக்கு பாரு. வந்ததுமே பாத்துட்டேன்."

"நீதான எடத்தச் சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல." நெடுங்கால் உள்ளான் ஒன்று அவன் மணிக்கட்டைக் கொத்தியது, அதைக் கிழக்கே பார்த்து விட்டான். "போன வாரம் வீட்டுக்குப் போயி வண்டிய நிறுத்துனேன். சக்கரத்துல இருந்த சேத்த மாமா நகத்தால சொரண்டிப் பாத்தாரு. செஞ்சேறு உப்பளத்துக்குப் பின்னாலதான்டேன்னு சிரிச்சாரு. அதுக்கு முந்தி கறுப்புச் சேறு, அதையும் அப்பிடித்தான் கண்டுபிடிச்சிருக்காரு. எனக்கு அன்னைக்குத்தான் விளங்குச்சு."

டேங்க் நிறையப் பெட்ரோல். டீக்கடை. அவ்வளவு தூரம் நடை. அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் இவள். சோதிப்பதற்காக.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ படுத்துக் கெடப்பியா?" அவன் கேட்டது திட்டுவது போலக்கூட இல்லை. "சத்தம் காட்டாம விட்டா தண்ணி ஏறுனதும் அதுகளே கடலப் பாத்துப் போயிரும். பொறவு அறுத்துக்கலாம்னு இருந்தேன். வெரட்டுனாத்தான் இதுக்குள்ள வரும். வலைக்காரங்க வெரட்டுறதுக்குன்னு ஒரு ஆளு வச்சிருப்பாங்க."

அந்த ஆள் இன்றைக்கு அவள். அவன் அடுத்த முடிச்சுக்குப் போனான். அவள் உள்ளங்கையில் ஒரு கொசு உள்ளான் கழுத்து திரும்பிக் கிடந்தது, அவள் இழுத்ததுதான் அது, கனமே இல்லை, கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள், எங்கே வைப்பது என்று தெரியாமல். பின்னால் தண்ணீர் சலசலத்தது. சாக்குக்காரர் வந்துகொண்டிருந்தார், கையெல்லாம் களிமண். பக்கத்தில் பார்த்தால் அப்பா வயசு. மடை பார்க்கிற ஆள், தண்ணீர் ஏறும் நேரத்தில் கடல்தண்ணி உப்புப் பாத்திக்குள் ஏறாமல் மண் மூட்டை போட்டு அடைக்க வந்தவர், தினமும் வருகிறவர், அதனால்தான் பவளக்காலி கத்தவில்லை. அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு பறவைக்குத் தெரிந்திருந்தது.

"என்னம்மா, என்னத்துக்கு அப்பிடிச் சத்தம் போட்ட? பாம்பு கீம்பா?"

ஜெபசீலி வாயைத் திறந்தாள். கிதியோன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், வலைக்குள் இரண்டு கையும்.

"தப்பா நெனச்சிட்டேன் அண்ணாச்சி" என்றாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் போதவில்லை, தொண்டை ஏற்கெனவே கிழிந்திருந்தது, அதனால் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, "நான்தான் தப்பா நெனச்சிட்டேன். பையக்கூடப் பிரிச்சுப் பாத்துட்டேன்."

எந்தப் பை என்று அவருக்கு விளங்கவில்லை. சாக்கைப் பார்க்கவா ஓடி வந்த, மண்ணுதாம்மா உள்ள என்றார், சிரித்தார், வலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக் காறித் துப்பினார், தண்ணி நிக்காது என்று மடைக்குத் திரும்பிப் போனார். கிதியோனின் விரல்கள் நரம்பின் மேல் நின்றிருந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி அசைந்தன. இத பிடி என்றான். கடைசி. பவளக்காலி, இரண்டு காலும் இருக்கிறது, சிறகு மட்டும் முறுக்கி. அவள் பிடித்தாள், இழுக்கவில்லை, அவன் வெட்டினான். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடித்த அடி, தனித்தனி அடியாக இல்லை, ஒரே நடுக்கமாக இருந்தது. விரலைத் திறந்தாள். ஒரு நொடி உட்கார்ந்திருந்தது. பிறகு கிளம்பி, தண்ணீர் மேல் தாழ்வாக, தியூ, தியூ என்று அவர்கள் இரண்டு பேரையும் ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்துக்கொண்டே கிழக்கே போனது. அங்கே கடல் ஓரத்தில், தப்பித்தவை அப்போதுதான் இறங்கியிருந்தன. அந்தச் சத்தத்துக்கு எல்லாம் தலையைத் தூக்கின. ஒன்றிரண்டு சிறகை விரித்தன. இன்னொரு தடவை கலைந்தால் எங்கே போகுமோ, எத்தனை வலைக்கோ.

"அசையாத" என்றான் கிதியோன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம், வரப்பின் சரிவில், ஜீன்ஸ் காலின் மேல் சேவியர் அண்ணாச்சியின் லென்ஸ் சாய்ந்து கிடப்பது இங்கிருந்து தெரிந்தது, அதன் அடியில் தண்ணீர் மின்னியது, ஒரு அலை வந்து ஜீன்ஸை நனைத்துவிட்டுப் போனது, அடுத்தது கொஞ்சம் மேலே ஏறியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அசையவில்லை.